டாக்டர் படிப்பின் நடுவே ஒரு ‘ஆராய்ச்சி வருடம்’... லாபமா, நஷ்டமா?

‘மூணு வருஷம் நல்லாத்தான் படிச்சா. இப்ப திடீர்னு ஒரு வருஷம் காலேஜ் இல்லையாம். கேட்டா ரிசர்ச் இயர்ங்கறா. ஃபெயில் கியில் ஆயிட்டாளோ?’

அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் பேரன், பேத்தி, அண்ணன் மகள், தங்கை மகன் என்று இன்று நம் வீடுகளில் பலருக்கும் ஓர் உறவு இருக்கிறது. போனில் இந்த ‘ஆராய்ச்சி வருடம்’ என்ற வார்த்தை வந்ததுமே இங்கே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பெண்ணாக இருந்தால், ‘இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனா கல்யாணம் எப்போ?’ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் ஒரு விஷயம். இது ஃபெயில் அல்ல. தண்டனையும் அல்ல. நன்றாகப் படிக்கும் மாணவர்களே யோசித்து எடுக்கும் முடிவு. ஆனால் எல்லோருக்கும் தேவையான முடிவா என்றால், அதுவும் இல்லை! யாருக்குத் தேவை, எவ்வளவு செலவு, எங்கே ஏமாறுவோம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அங்கே படிப்பு எப்படி?

நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் அப்படி இல்லை. பள்ளி முடிந்ததும் நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதன்பின் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. பிறகுதான் நான்கு வருட மருத்துவக் கல்லூரி. அந்த நான்கில் முதல் இரண்டு வருடங்கள் பெரும்பாலும் பாடம், மூன்றாம் வருடம் முழுக்க வார்டு போஸ்டிங். நான்காம் வருடத்தில் விருப்பப் பிரிவுகளில் வேலை, கூடவே அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பம்.

அந்த அடுத்த கட்டம்தான் ‘ரெசிடென்சி’. நம் ஊர் மேற்படிப்புக்குச் சமமானது. குடும்ப மருத்துவம் என்றால் மூன்று வருடம். எலும்பு மருத்துவம் ஐந்து. மூளை நரம்பு அறுவை சிகிச்சை என்றால் ஏழு வருடம்! கையில் எம்.டி. பட்டம் இருந்தாலும், ரெசிடென்சி இடம் கிடைக்காவிட்டால் நினைத்த துறையில் டாக்டராக முடியாது. ஆகவே மாணவர்களின் முழுக் கவலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அது என்ன ‘மேட்ச்’?

கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்! மாணவர் செப்டம்பர் மாதம் விண்ணப்பிக்கிறார். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்முகத் தேர்வுகள். அதன்பின் ‘எனக்கு இந்த ஆஸ்பத்திரி முதல் விருப்பம், இது இரண்டாவது’ என்று மாணவர் ஒரு பட்டியல் கொடுக்கிறார். ஆஸ்பத்திரிகளும் மாணவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கின்றன. இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து ஒருவருக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்குகிறது. மார்ச் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை ரிசல்ட். வந்த இடத்தை ஏற்றாக வேண்டும்.

இந்த முறை 1952-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் இதைச் சீர்திருத்தி அமைத்தவர் ஆல்வின் ராத் என்ற பொருளாதார நிபுணர். இப்படிப்பட்ட பொருத்தும் முறைகளை ஆராய்ந்ததற்காக 2012-ம் ஆண்டு லாயிட் ஷாப்ளியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். (கண் மருத்துவம், சிறுநீரகப் பாதை அறுவை சிகிச்சை ஆகிய பிரிவுகளுக்குத் தனி மேட்ச் உண்டு. அவை சற்று முன்னதாகவே முடிந்துவிடும்.)

ஆராய்ச்சிக்கு ஏன் இத்தனை மவுசு?

நம் ஊர் நீட் பி.ஜி.யில் ரேங்க்தான் எல்லாம். அங்கே ஒற்றை ரேங்க் கிடையாது. மதிப்பெண், வார்டில் வேலை செய்த விதம், பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், ஆராய்ச்சி, நேர்முகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முன்பு யு.எஸ்.எம்.எல்.இ. ‘ஸ்டெப் 1’ தேர்வின் மூன்று இலக்க மதிப்பெண்தான் பெரிய வடிகட்டியாக இருந்தது. 2022 ஜனவரி 26 முதல் அந்தத் தேர்வுக்கு வெறும் பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமே! மதிப்பெண் என்று மிச்சமிருப்பது ‘ஸ்டெப் 2’ தேர்வுக்குத்தான். ஒரு வடிகட்டி போனதும், ‘இந்த மாணவரை எதை வைத்து எடை போடுவது?’ என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த ஆராய்ச்சியின் மதிப்பு இன்னும் ஏறியது.

தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, மூளை நரம்பு அறுவை சிகிச்சை... இந்தப் பிரிவுகளில் சமீப ஆண்டுகளில் இடம் பிடித்த அமெரிக்க மாணவர்கள் காட்டிய ஆராய்ச்சி எண்ணிக்கை சராசரியாக 20-க்கும் மேல். 2000-களின் பிற்பகுதியில் இது ஒற்றை இலக்கம்தான்!

‘அடேயப்பா, ஒரு மாணவர் 20 ஆராய்ச்சிக் கட்டுரையா?’ என்று மலைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் கட்டுரை, ஆய்வுச் சுருக்கம், மாநாட்டுப் பேச்சு, போஸ்டர் எல்லாமே சேரும். ஒரே ஆராய்ச்சி சுருக்கமாக ஒன்று, போஸ்டராக ஒன்று, கட்டுரையாக ஒன்று என மூன்று முறை எண்ணப்படலாம். ஆகவே இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆராய்ச்சி வருடம் எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்தது என்றால், அந்த வருடத்தால்தான் கிடைத்தது என்று அர்த்தமில்லை. அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக, நல்ல வழிகாட்டி அமைந்தவர்களாக இருந்திருக்கலாம். டானிக் குடித்த பையன் உயரமானான். டானிக்காலா, வளரும் வயதாலா? அந்த மாதிரிதான் இதுவும்.

பெட்டிச் செய்தி: ஒரு மாணவரின் ஒரு வருடம் தந்த மருந்து

ஹார்ட் அட்டாக் வந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வீட்டில் ‘ஹெப்பாரின்’ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து. இதன் கதை ஒரு மருத்துவ மாணவரிடம்தான் தொடங்குகிறது.

ஜே மெக்லீன், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரி மாணவர். அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது ஆசை. அதற்கு முன் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்ய விரும்பி, பேராசிரியர் வில்லியம் ஹோவெலின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருளைச் சோதிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆனால் நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த சாறு, ரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது! 1916-ல் இது கட்டுரையாக வந்தது. 1918-ல் ஹோவெல் ‘ஹெப்பாரின்’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கல்லீரலுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். 1930-களில் கனடாவின் டொராண்டோவில், இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட் குழுவினர் தூய்மைப்படுத்தியதும்தான் மனிதர்களுக்குப் பயன்பட்டது.

கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்ற சண்டை பிற்பாடு நெடுங்காலம் நடந்தது. ஆராய்ச்சியில் யார் பெயர் முதலில் என்ற தகராறு இன்று நேற்று வந்ததல்ல!

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வார்கள்?

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை எலியும் சோதனைக் குழாயும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. ஆனால் இப்போது பலர் செய்வது நோயாளிகள் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, ‘இந்த ஆபரேஷனுக்குப் பின் யாருக்குக் கிருமித் தொற்று வந்தது? ஏன் வந்தது?’ என்று கணக்கெடுப்பார்கள். ஏற்கெனவே வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டி அலசுவது இன்னொரு வகை.

நாள்காட்டி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

* ஜூலை, ஆகஸ்ட்: சேருதல், பயிற்சி. நோயாளிகளின் ஆவணங்களைத் தொடுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குதல்.

* செப்டம்பர் முதல் நவம்பர்: தகவல் சேகரிப்பு. பொறுமையைச் சோதிக்கும் கட்டம்.

* டிசம்பர் முதல் பிப்ரவரி: புள்ளிவிவரக் கணக்கு. மாநாடுகளுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புதல்.

* மார்ச் முதல் ஜூன்: மாநாட்டில் பேசுதல், கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புதல்.

* மறுபடி ஜூலை: நான்காம் வருடப் படிப்புக்குத் திரும்புதல். செப்டம்பரில் விண்ணப்பம்.

கவனித்தீர்களா? வருடம் தொடங்கி விண்ணப்பம் போடும் வரை 14 மாதம்தான். ஒரு கட்டுரையைப் பத்திரிகை பரிசீலித்து வெளியிடவே பல மாதங்கள் ஆகும். அதனால் ‘புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம்’ என்று போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து அதிகம். பாதி நடந்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று ஆய்வுகளில் சேர்ந்துகொண்டு, கூடவே தன் சொந்த ஆய்வு ஒன்றை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எப்போது எடுப்பது?

பெரும்பாலோர் மூன்றாம் வருடம் முடிந்ததும் எடுக்கிறார்கள். காரணம் உண்டு. வார்டு போஸ்டிங் முடிந்த பிறகுதான் எந்தத் துறை தனக்கு ஒத்துவரும் என்பது தெரியும். முன்பே எடுத்தால், தோல் மருத்துவத்தில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு ‘எனக்குக் குழந்தை மருத்துவம்தான் பிடிச்சிருக்கு’ என்று நிற்க நேரிடலாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரு வருடம் நோயாளியைத் தொடாமல் இருந்தால் கை மறந்துபோகும். அதனால் வாரத்தில் அரை நாளாவது புற நோயாளிகள் பிரிவில் பேராசிரியருடன் உட்காருவது நல்லது. ‘ஸ்டெப் 2’ தேர்வை, பாடம் மனதில் பசுமையாக இருக்கும்போதே, ஆராய்ச்சி தொடங்கும் முன்பே எழுதிவிடலாம்.

சில கல்லூரிகளில் இந்த யோசனையே தேவையில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடமே ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. கிளீவ்லேண்ட் கிளினிக்கின் லெர்னர் கல்லூரியில் படிப்பே ஐந்து வருடம், அதில் ஒன்று ஆராய்ச்சிக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் 1839 முதலே மருத்துவ மாணவர் ஆய்வேடு எழுத வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது.

பணம்... பணம்... பணம்!

இதுதான் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய கட்டம். கடன் வாங்கிப் படித்து முடிக்கும் அமெரிக்க மருத்துவ மாணவரின் கடன் சுமை, நடுத்தரமாகப் பார்த்தால் சுமார் 2 லட்சம் டாலர். அதன் மேல் இன்னொரு வருடம் என்றால்?

ஆராய்ச்சி வருடத்தில் பெரும்பாலும் முழு ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. சிலருக்கு உதவித்தொகை கிடைக்கும். அரசு ஆராய்ச்சி நிதியில் வரும் மாணவர் உதவித்தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 28,000 டாலர். கேட்க நன்றாக இருந்தாலும் பெரிய நகரங்களில் வாடகைக்கே முக்கால்வாசி போய்விடும். மேரிலாண்ட் மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனம், மாணவர்கள் வளாகத்திலேயே தங்கி ஒரு வருடம் ஆராய்ச்சி செய்யும் திட்டத்தை 2012-ல் தொடங்கியது. இதய நோய் ஆராய்ச்சிக்கு சார்னாஃப் அறக்கட்டளை உதவித்தொகை தந்துவருகிறது. ஆனால் 2025-ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி பல இடங்களில் வெட்டப்பட்டது. ஆகவே எந்தத் திட்டமானாலும் அந்த வருடத்துக்குப் பணம் உறுதியா என்று கேட்டுக்கொண்டே சேர வேண்டும். உதவித்தொகையே இல்லாமல் உழைக்கும் மாணவர்களும் நிறையப் பேர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இது சாத்தியம் என்ற விமர்சனமும் இருக்கிறது. அது நியாயமான விமர்சனம்தான்.

வெளியே தெரியாத செலவுகள் மூன்று:

1. கடன் கடிகாரம்: மாணவர் கல்லூரியில் பதிவு இல்லாமல் விடுப்பில் போனால், ஆறு மாத அவகாசம் முடிந்ததும் கடனைத் திருப்பிக் கட்டும் கட்டம் தொடங்கிவிடும். அந்த அவகாசம் ஒரு முறை தீர்ந்தால், பட்டம் வாங்கிய பின் மறுபடி கிடைக்காது. வட்டி எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆராய்ச்சி வருடத்திலும் ‘பதிவு பெற்ற மாணவர்’ என்றே கல்லூரி வைத்துக்கொள்ளுமா என்பது முதல் கேள்வி.

2. புதிய சட்டம்: 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. ஏற்கெனவே படிப்பவர்களுக்குத் தற்காலிகச் சலுகை உண்டு. நடுவில் விடுப்பு எடுத்தால் அந்தச் சலுகை என்னாகும் என்பதைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குவது அவசியம்.

3. மருத்துவக் காப்பீடு: கல்லூரிக் காப்பீடு நின்றுபோகலாம். 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். அதைத் தாண்டியவர்கள் மாற்று ஏற்பாடு செய்துகொண்ட பிறகே விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இவற்றோடு, பிற்காலத்தில் நிபுணராகச் சம்பாதிக்கும் வருடங்களில் ஒன்று குறைகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்குத் தேவை? யாருக்கு வேண்டாம்?

யோசிக்கலாம்: தோல், பிளாஸ்டிக் சர்ஜரி, மூளை நரம்பு, எலும்பு, காது-மூக்கு-தொண்டை போன்ற கடும் போட்டித் துறைகளை விரும்புபவர்கள். தன் கல்லூரியில் அந்தத் துறையே இல்லாதவர்கள். வேறு கல்லூரியில் ஒரு வருடம் வேலை செய்தால் அங்குள்ள பேராசிரியர்கள் நேரடியாகப் பழகி, மனப்பூர்வமாகச் சிபாரிசுக் கடிதம் தருவார்கள். இந்தக் கடிதம் பல சமயம் கட்டுரையைவிட மதிப்புள்ளது. துறையைத் தாமதமாகத் தேர்ந்தெடுத்தவர்களும், ஆராய்ச்சியையே வாழ்க்கையாக்க நினைப்பவர்களும் இதில் அடக்கம்.

வேண்டாம்: குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், பொது மருத்துவம் போன்ற துறைகளை விரும்பும் பெரும்பாலோருக்கு இதற்காக ஒரு வருடம் செலவிடத் தேவையில்லை. தேர்வில் தடுமாறியதை மறைக்க ஆராய்ச்சி உதவாது. முதலில் தேர்வைச் சரிசெய்ய வேண்டும். ‘ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் எடுக்கறாங்க’ என்பதும் ஒரு காரணமே அல்ல.

இன்னொரு உண்மை: ஆராய்ச்சி வருடம் எடுத்தும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. ஆகவே ‘கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?’ என்பதற்கான பதிலும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

வழிகாட்டி அமைவதெல்லாம்...

பெரிய பேர் பெற்ற பேராசிரியரா, நேரம் ஒதுக்கும் பேராசிரியரா என்று வந்தால், இரண்டாமவரையே தேர்ந்தெடுங்கள். சேரும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்:

* கடந்த இரண்டு மூன்று மாணவர்கள் என்ன வெளியிட்டார்கள்? எங்கே இடம் கிடைத்தது?

* வாரம் எத்தனை முறை சந்திக்க முடியும்?

* எந்த ஆய்வில் என் பெயர் முதலில் வரும்? (தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்!)

* நெறிமுறைக் குழு அனுமதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா?

* உதவித்தொகை யார் தருவார்கள்? எத்தனை மாதம்?

முடிந்தால், சென்ற வருடம் அங்கே வேலை செய்த மாணவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். உள்நிலவரம் அங்கேதான் தெரியும்.

கேள்வி - பதில்

‘பணம் கட்டினால் கட்டுரையில் பெயர் போடுகிறோம் என்று விளம்பரம் வருகிறதே?’

கிட்டேயே போகாதீர்கள். நேர்முகத்தில் ‘இந்த ஆய்வில் உங்க பங்கு என்ன?’ என்று துருவிக் கேட்பார்கள். அனுப்பி மட்டும் இருக்கும் கட்டுரையை ‘வெளியானது’ என்று எழுதுவதும் பொய்தான். பிடிபட்டால் டாக்டர் தொழிலின் முதல் படியிலேயே நாணயம் போய்விடும்.

‘தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்த என் மகன், அமெரிக்கா போய் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்யலாமா?’

இது வேறு கணக்கு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தேர்வுகளும், இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும்தான் முதல் தேவை. ஆராய்ச்சி, அமெரிக்கப் பேராசிரியரின் அறிமுகத்தைத் தரும். தேர்வுக்கு மாற்று ஆகாது. படிப்பை முடித்து வருடங்கள் ஏற ஏற விண்ணப்பத்தின் பலம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். சம்பளமில்லாத இடமா, எந்த விசா என்பது எழுத்தில் தெரிந்த பிறகே விமான டிக்கெட்! இங்கேயே எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருப்பவர்கள், ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இரண்டு மாத மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தில் ருசி பார்க்கலாம்.

‘பொண்ணுக்கு வயசு ஏறுதே...’

அங்கே மருத்துவக் கல்லூரியில் சேரும்போதே சராசரி வயது 24. முடிக்கும்போது 28. ஏழு வருட ரெசிடென்சியும் சேர்ந்தால் 35. இதில் ஒரு வருடம் கூடுவது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் படிப்பு முடிந்தால்தான் கல்யாணம் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ரெசிடென்சியோடு ஒப்பிட்டால் ஆராய்ச்சி வருடத்தில் ராத்திரி டியூட்டி இல்லை, நேரம் ஓரளவு கையில் இருக்கும். கல்யாணத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் இந்த வருடத்தையே வசதியாக எடுத்துக்கொள்ளும் மாணவிகளும் உண்டு. முடிவு மட்டும் அவளுடையதாக இருக்கட்டும்.

பெற்றோருக்கு, தாத்தா பாட்டிக்கு...

‘எப்ப முடிப்பே?’ என்று ஒவ்வொரு போனிலும் கேட்காதீர்கள். ஆராய்ச்சியில் பல வாரங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கட்டுரை திரும்பி வரும். கூடப் படித்தவர்கள் முன்னே போய், பட்டமளிப்புப் படம் அனுப்புவார்கள். பிள்ளை தனியாக, வேறு ஊரில், அறிமுகமில்லாத ஆய்வுக்கூடத்தில் இருப்பார். மனச்சோர்வு எட்டிப் பார்க்கும் காலம் இது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பேச்சு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கினால் அலட்சியம் வேண்டாம். கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். விடுப்பில் இருந்தாலும் அந்த வசதி உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் ‘ஃபெயிலா?’ என்று கேட்டால் பதில் ரொம்பச் சுலபம்: ‘இல்லை, ஆராய்ச்சி பண்றா. அடுத்த வருஷம் விண்ணப்பம் போடுவா.’ அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இந்த வாரக் கடைசியில் பிள்ளையோடு போனில் உட்காருங்கள். ஒரு தாளில் மூன்றே வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தத் துறை, யார் வழிகாட்டி, பணத்துக்கு என்ன வழி. மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தைரியமாகச் சரி சொல்லலாம். ஒன்று காலியாக இருந்தாலும், அது நிரம்பும் வரை விடுப்புக் கடிதம் காத்திருக்கட்டும்.